பேண்டேஜ் துணியில் ஒரு விண்வெளி வீராங்கனை

விண்வெளிக்குப் போய் வந்த பெண்கள் உலகத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியாது. ஆனால் விண்வெளி உடையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்துக் கிடந்த பெண் உலகத்திலேயே நான் ஒருத்திதான். அதுவும் ஒரே நாளில் இரண்டு தடவை. இதை யாரும் சாதனையாக எடுத்துக்கொள்ளாததால் நானே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்று தெரிந்தால் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். பொருட்காட்சி ராட்டினத்தில் ஏறி, அது சுற்றுவதற்கு முன்பே அழுது, டிக்கெட் கிழித்தவரே வந்து இறக்கிவிட்டிருக்கிறார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். (இப்போதும்தான். அதை ஏன் கேட்கிறீர்கள்.)

இப்படிப்பட்ட நான், பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு, சென்னையில் ஹாஸ்டலில் தங்கி விமானம், ராக்கெட் சம்பந்தமான பொறியியல் படிக்கப் போகிறேன் என்று ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் அறிவித்தேன். யாரும் கோபப்படவில்லை. சிரித்தார்கள். அம்மா சிரித்து முடித்துவிட்டு, "ஆண்டவரே, இந்தப் புள்ளைக்கு நல்ல புத்தியைக் கொடும்" என்று அடுக்களையிலேயே ஜெபம் பண்ணினாள். அந்தச் சிரிப்பு எனக்கு நிஜமாகவே வலித்தது.

அப்பா மட்டும் கொஞ்சம் யோசித்தார். அவர் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் மேஸ்திரி.

"ஏட்டி ஜெபா, முக்குக் கடைக்குப் போயிட்டு வாரதுக்குள்ள மூணு வாட்டி திரும்பிப் பாப்ப. நீ மெட்ராஸ்ல தனியா இருப்பியாக்கும்? கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ்ஸு நம்ம முக்குலயே நிக்கிது. காலையில ஏறுனா சாயந்திரம் வீடு. அதுவும் படிப்புதான?"

"ராக்கெட்டுக்கு அங்க போகணும்ப்பா."

"ராக்கெட்டு எம்புட்டுச் சத்தம் போடும் தெரியுமா? குக்கருக்கே ஓடுற."

அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்திலிருந்து சேதி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாதர் சங்கம் ஒன்று சாதனைப் பெண்கள் விழா நடத்துகிறது. ராக்கெட் விடுகிற துறையில் பெரிய பொறுப்பில் இருக்கும் ஒரு அம்மா சிறப்பு விருந்தினராக வருகிறார். சொந்த ஊர் வத்திராயிருப்பு. (பெயர் வேண்டாம். எங்கள் வீட்டில் இன்றுவரை அவர் 'ராக்கெட் அம்மா'தான்.) எங்கள் பள்ளி மாணவிகள் நான்கு பேர், பிரதமர், எழுத்தாளர், விஞ்ஞானி, விண்வெளி வீராங்கனை என்று வேடம் போட்டு மேடையில் ஆளுக்கு நான்கு வரி பேச வேண்டும். விழா முடிந்ததும் அந்த நான்கு பேரும் பெற்றோரோடு ராக்கெட் அம்மாவைத் தனியாகப் பார்த்துப் பேசலாம்.

அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. "சரி. அவியகிட்ட நானே கேக்கேன். இந்தப் புள்ள இப்பிடிப் பயப்படுவா, இவளுக்கு இந்தப் படிப்பு ஆகுமான்னு. அவிய ஆகும்னா மெட்ராஸு. ஆகாதுன்னா வாயைப் பொத்திக்கிட்டு காலேஜ் பஸ்ஸு. சம்மதமா?"

சம்மதம் என்றேன். சென்னைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க விழா நடக்கிற வாரம்தான் கடைசி. என் எதிர்காலம் முழுவதும் அந்த அம்மாவின் வாயில் இருந்தது.

ஒத்திகை நடத்திய தமிழாசிரியை சரோஜா டீச்சர் ஒரே பார்வையில் பாத்திரங்களைப் பங்கிட்டுவிட்டார். என் சிநேகிதி மகாலட்சுமிக்குக் குரல் மண்டபத்தையே அடைக்கும் என்பதால் அவள் பிரதமர். கண்ணாடி போட்டவள் எழுத்தாளர். டெஸ்ட் ட்யூபை உடைக்காமல் பிடிக்கக்கூடியவள் விஞ்ஞானி. மிச்சம் இருந்தது நான். எனக்கு எழுத்தாளர் வேடத்தின் மேல்தான் கண். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைக் கடித்தால் போதும்.

"நீதான் குச்சி மாதிரி இருக்க. உள்ள பஞ்சு வச்சாலும் ஆளாத் தெரிவ. நீயே விண்வெளிக்குப் போ" என்றார் டீச்சர்.

என் வசனம் இது: "நான் விண்ணில் மிதக்கிறேன். எனக்கு எடை இல்லை. எனக்குப் பயமும் இல்லை!" இதை நான் நடுங்கிக்கொண்டே சொல்லும்போதெல்லாம் மற்ற மூன்று சாதனைப் பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் நான் அதைச் சாப்பிடும்போது, குளிக்கும்போது, தூங்கும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

உடையை அப்பா தானே தயாரிப்பதாக ஏற்றுக்கொண்டார். வேறு எந்த ஊரில் இருந்தாலும் வெள்ளைச் சட்டைத் துணியோ மழைக்கோட்டோ வாங்கியிருப்பார்கள். எங்கள் ஊரில் அப்பாவுக்குத் தெரிந்த வெள்ளைத்துணி ஒன்றுதான். தறிக்கூடத்து முதலாளியிடம் கேட்டு பேண்டேஜ் துணியும் மருத்துவப் பஞ்சும் கொண்டுவந்தார். பேண்டேஜ் துணியின் பெருமை அது எவ்வளவு வேகமாக ஈரத்தை உறிஞ்சுகிறது என்பதில் இருக்கிறது. அப்பா எந்தத் துணியைப் பார்த்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பார். சொந்தக்காரர் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் விட்டுப் பார்த்து, "ம்ஹூம், நிக்கிது" என்று உதட்டைப் பிதுக்கியவர்.

விழா அன்று காலையில் என்னைக் கூடத்தில் நிறுத்திவைத்துத் துணியைச் சுற்றி, இடையிடையே பஞ்சைத் திணித்து, உடம்போடு வைத்தே தைத்தார். ஜிப் வைப்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் பிளாஸ்திரி ஒட்டினார். தலையைச் சுற்றி, காதை மூடி, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு. கடைசியில் நெஞ்சில் ஒரு பெரிய ராக்கெட் வரைந்தார். துணி மூட்டைகளின் மேல் முத்திரை குத்துகிற சிவப்பு மையால்.

"தண்ணி பட்டாலும் போகாதுட்டி" என்றார் பெருமையாக.

அவர் சொன்னது பொய்யில்லை. அன்றைக்கு அந்த மை எங்கேயும் போகவில்லை, பரவத்தான் செய்தது.

அம்மா இன்னொரு ஏற்பாடு செய்திருந்தாள். தைத்துவிட்டால் பாத்ரூம் போக முடியாது. ஆகவே எழுந்ததிலிருந்து எனக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாது. "விழா முடிஞ்சு வந்து குடி" என்று சொல்லிவிட்டு, தலையில் கைவைத்து ஜெபம் பண்ண ஆரம்பித்தாள். விண்வெளிக்குப் போகிறவளுக்கு உண்டான ஜெபம் என்பதால் அது நீண்டுகொண்டே போனது. இடையில் வாசலில் பள்ளிக்கூட வேன் வந்து ஹாரன் அடித்தது. பிரதமர் எட்டிப் பார்த்து, "ஏட்டி, ஹெல்மெட்டைக் குடு, நான் கொண்டு போறேன். நீ அப்பாகூட வா" என்று தண்ணீர் கேனை வெட்டிச் செய்த ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த ஹெல்மெட் மட்டும் என்னோடு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஹெல்மெட் வைத்திருந்தால் விண்வெளி வீராங்கனை. ஹெல்மெட் இல்லாவிட்டால் நான் என்ன என்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் தெரிந்தது.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து ஒருவரும் அதிர்ச்சி அடையவில்லை. அவர்கள் வீட்டுக்கு வீடு தறி பார்த்தவர்கள். பூக்கடைக்காரர் என் தோள்பட்டைத் துணியை விரலால் நிமிண்டி, "எந்தத் தறிண்ணே? நெருக்கமா இருக்கே" என்றார். அப்பா விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நேரமாகிக்கொண்டிருந்தது. எனக்குள் பஞ்சை விட அதிகமாகப் பயம் அடைந்துகிடந்தது.

பஸ்ஸில் பெண்கள் பக்கம் முன்னால், அப்பா பின்னால். முழங்கால் மடங்காததால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏப்ரல் வெயில். வேர்வை ஊற்றியது. அப்பாவின் துணி ஒரு சொட்டுக்கூட விடாமல் அத்தனையையும் உறிஞ்சியது. அதோடு ராக்கெட்டையும் உறிஞ்சியது. நான் குனிந்து பார்த்தபோது ராக்கெட்டின் மூக்கு போயிருந்தது. செத்த நேரம் கழித்துப் பார்த்தால் ராக்கெட்டே இல்லை. நெஞ்சு முழுக்கச் சிவப்பாக ஒரு திட்டு, வயிற்றை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

வழியில் ஏறிய ஓர் அம்மா என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயோ தாயி! எப்படிம்மா பட்டுச்சு?"

நான் வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'எனக்கு எடை இல்லை. எனக்குப் பயமும் இல்லை.' என் உதடு மட்டும் அசைந்தது.

"பாவம், வலி தாங்காம சாமி கும்பிடுது" என்று அந்த அம்மா பக்கத்து சீட்டில் சொன்னார். "இம்புட்டு ரத்தத்தோட பஸ்ல அனுப்பி வச்சிருக்காவளே, கல்நெஞ்சுக்காரவுக!"

ஒருத்தி எனக்கு விசிறினாள். ஒருத்தி நெற்றியில் திருநீறு பூசினாள். (அம்மாவுக்கு இதை நான் சொன்னதே இல்லை. இனிமேல் படித்துத் தெரிந்துகொள்வாள்.) இவர்களிடம் விஷயத்தைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து தண்ணீர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் படியிலிருந்து இறங்கினேன். கோபுரம் தெரிந்தது. அது ஒருபக்கமாகச் சாய்ந்தது. பிறகு நானும் சாய்ந்தேன்.

பின்வாசல் வழியாக அப்பா இறங்கி வருவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அப்பா பின்னாலிருந்து கத்தியது எனக்குக் கனவு போலக் கேட்டது.

"ஏய், விடுங்கப்பா! அது என் மக! அவளுக்கு ஒண்ணுமில்ல, அது வெறும் பஞ்சு!"

"அதிர்ச்சில பேசுதாரு, அவரைப் பிடிங்க" என்று யாரோ சொன்னார். இரண்டு பேர் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். நான்கு பேர் என்னைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கெட்டவர்களாக இருந்திருக்கலாம்.

கண் திறந்தபோது மேலே ஒரு மின்விசிறி. கீழே, என் இடது காலில், ஒரு கத்தரிக்கோல் ஏறிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரி அது.

"வெட்டாதீங்க சிஸ்டர்! வெட்டாதீங்க! நான் போகணும்!"

"எங்கட்டி போகணும்?" என்றார் நர்ஸ். நடு வயசு, பெரிய பொட்டு, அவசரமே இல்லாத முகம்.

"விண்வெளிக்கு."

மேடைக்கு என்றுதான் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது அதுதான். டாக்டர் என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் ரொம்பச் சின்ன வயசுக்காரர். என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தார்.

"உங்க பேர் சொல்லுங்க பார்ப்போம்."

நான் வாயைத் திறந்தேன். ஒரு வாரமாக இரவும் பகலும் மனப்பாடம் செய்த வாய் அது. தன் வேலையை அது சரியாகச் செய்தது.

"நான் விண்ணில் மிதக்கிறேன். எனக்கு எடை இல்லை. எனக்குப் பயமும் இல்லை!"

"தலையில அடி" என்றார் டாக்டர் மெதுவாக.

அந்த நேரத்தில் அப்பா ஆட்டோவுக்குப் பின்னாலேயே ஓடிவந்த மூச்சிரைப்போடு உள்ளே நுழைந்தார். "நிறுத்துங்க! அது ரத்தம் இல்ல, ராக்கெட்டு!"

நர்ஸ் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு?"

"இவ அப்பன். நாந்தான் காலையில தைச்சேன்."

"தைச்சீங்களா? பெத்த புள்ளையையா? வீட்ல வச்சா?"

டாக்டர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போலீஸைக் கூப்பிடத்தான் போனார் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் நர்ஸ் வெட்டிய இடத்தில் கையை விட்டுப் பார்த்தார். பஞ்சு வந்தது. இன்னும் விட்டார். இன்னும் பஞ்சு. காயத்தைத் தேடிக்கொண்டே போனவர் என் முழங்காலைக் கண்டுபிடித்தார். அது நல்ல முழங்கால்.

"ஏட்டி, காயம் எங்கட்டி?"

"காயமே இல்லக்கா. நான் வேஷம் போட்டிருக்கேன். மண்டபத்துல விழா. தண்ணி குடுங்கக்கா."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த தாத்தா எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் உப்புச்சர்க்கரைத் தண்ணீரை இரண்டு டம்ளர் குடித்தேன். உயிர் வந்தது. உயிரோடு பயமும் திரும்பி வந்தது. மண்டபத்தில் விழா ஆரம்பித்திருக்கும். நான் கட்டிலிலிருந்து இறங்கி அப்பாவைத் தேடினேன். அப்பா அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? ஆஸ்பத்திரி பேண்டேஜ் ஒன்றையும் வெட்டிய என் கால்துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு நர்ஸுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா சிஸ்டர், உங்களது செத்த நேரம் நிக்கிது. எங்களது விழுந்த உடனே உள்ள போகுது."

"ஆமா அண்ணாச்சி! எங்க வாங்கலாம்?"

"அப்பா!" என்று நான் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற டாக்டர் மறுபடி உள்ளே ஓடிவந்தார்.

வெட்டிப்போட்ட உடையோடு எப்படி மேடை ஏறுவது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. நர்ஸக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "அழாதட்டி, நான் வெட்டுனதை நானே சரி பண்ணிவிடுதேன்" என்று கிழிந்த காலைச் சேர்த்துப் புது பேண்டேஜால் சுற்றினார். அழகாகத்தான் சுற்றினார். ஆனால் அவர் கைக்குத் தெரிந்தது எலும்பு முறிவுக் கட்டு ஒன்றுதான். குதிகாலிலிருந்து இடுப்பு வரை மாற்றி மாற்றி ஏறி வந்தது. முதலில் காயம் தேடிய அவசரத்தில் தடவிய மருந்து வேறு அங்கங்கே பழுப்பாக இருந்தது. வந்தபோது அடிபட்டவள் மாதிரி இருந்தேன். போகும்போது பிழைக்கவே மாட்டாள் என்பது மாதிரி இருந்தேன்.

மண்டப வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாட்டுப்பண்ணும் முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. விழா முடிந்துவிட்டது. வாசலில் பிரதமர் தண்ணீர் கேன் ஹெல்மெட்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அதைக் கழற்றினாள். நரைமுடிக்குப் பூசிய பவுடர் வேர்வையில் வழிந்திருந்தது.

"எங்கட்டி போன? உனக்குப் பதிலா நானே போயிட்டு வந்துட்டேன்."

"எங்க?"

"விண்வெளிக்கு. டீச்சர் ஹெல்மெட்டை என் தலையில கவுத்தி மேடையில தள்ளி விட்டுட்டாவ."

நாட்டை ஆண்ட கையோடு விண்வெளிக்கும் போய் வந்த ஒரே பிரதமர் மகாலட்சுமிதான். ஆனால் எனக்கு அதைக் கேட்டுச் சிரிக்கத் தெம்பில்லை.

"ராக்கெட் அம்மா எங்க?"

"எங்க மூணு பேருக்கும் கை மட்டும் குடுத்துட்டுக் கிளம்பிட்டாவ. அன்னா, கார்ல ஏறிட்டாவ பாரு."

வளாகத்துக்குள் ஒரு வெள்ளைக் கார் திரும்பிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் கண்ணாடி போட்ட ஒரு முகம். என் சென்னை, என் ஹாஸ்டல், என் ராக்கெட் எல்லாம் அந்தக் காரில் ஏறி கேட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதுவரை எதற்கும் துணிந்து ஓடியறியாத நான் ஓடினேன். கையைத் தூக்கிக்கொண்டு, "நில்லுங்க! நில்லுங்க!" என்று கத்திக்கொண்டு, எலும்பு முறிவுக் கட்டுப் போட்ட காலோடு ஓடினேன். மடங்காத கால் எவ்வளவு தூரம்தான் ஓடும்? கார் கேட்டில் நின்றது. நான் நிற்கவில்லை. பானெட்டுக்கு முன்னால் நெடுஞ்சாண் கிடையாக விழுந்தேன்.

காருக்குள்ளிருந்து ஒரு அலறல். கதவு திறந்தது. ராக்கெட் அம்மா இறங்கி ஓடிவந்தார். கீழே பார்த்தார். நெஞ்சில் சிவப்பு, காலில் கட்டு, நெற்றியில் திருநீறு. அவர் முகம் வெளிறிப்போய்விட்டது.

"ஐயோ, இடிச்சுட்டியா தம்பி! புள்ளைய இடிச்சுட்டியா!"

"இல்லம்மா, நான் வண்டிய நிப்பாட்டிட்டேன்மா, அதுவா வந்து விழுந்துச்சு" என்று டிரைவர் அழாத குறை.

இதுதான் நான் காத்திருந்த தருணம். அவர் என் பக்கத்தில் மண்டியிட்டு, என் தலையைத் தூக்கி மடியில் வைத்திருந்தார். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. நான் அவர் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தேன்.

"எனக்கு எடை இல்லை" என்றது வாய். "எனக்குப் பயமும் இல்லை."

"ஆண்டவா!" என்று அவர் கத்திவிட்டார். "ஆஸ்பத்திரிக்கு விடு தம்பி!"

அப்பா வந்து, "அம்மா, இது பஞ்சும்மா" என்று ஆரம்பித்தார். அவரையும் முன்சீட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். காரில் ராக்கெட் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அந்தக் கை நடுங்கியது. சாதாரண நடுக்கம் இல்லை. ராட்டினத்தில் என் கை எப்படி நடுங்குமோ அப்படி. அவர் பாட்டுக்கு, "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குச் சொன்னாரா தனக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை.

பக்கத்தில் இருந்தது அதே ஆஸ்பத்திரிதான். நர்ஸக்கா வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி! மறுபடியுமா?"

உண்மை வெளிவர அதிக நேரம் ஆகவில்லை. எனக்கு உள்ளங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான். ராக்கெட் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நர்ஸக்கா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க படுங்கம்மா மொதல்ல" என்று நான் காலையில் படுத்திருந்த அதே கட்டிலில் படுக்க வைத்து பிரஷர் பார்த்தார். இறங்கியிருந்தது. உப்புச்சர்க்கரைத் தண்ணீர் இப்போது அவருக்குப் போனது. டம்ளர் பல்லில் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டது.

அப்பா கைகட்டிக்கொண்டு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் ஏதோ கணக்கு ஓடியது எனக்குத் தெரிந்தது. ஐயோ, இப்போது கேட்டுத் தொலைத்துவிடுவாரே, இந்த நிலைமையில் கேட்டால் 'இந்தப் பிள்ளைக்கா? வீட்டை விட்டே அனுப்பாதீர்கள்' என்றுதான் யாரும் சொல்வார்கள் என்று நான் தவித்தேன். அப்பா கேட்டார். ஆனால் வேறு கேள்வி.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. இம்புட்டுப் பயம் வச்சிக்கிட்டு நீங்க எப்பிடி ராக்கெட்டு விடுதீங்க?"

அந்த அம்மாவின் பட்டணத்துப் பேச்சு எல்லாம் எங்கேயோ போய், வத்திராயிருப்புப் பேச்சு வந்தது.

"பயந்துக்கிட்டேதான் அண்ணாச்சி விடுதோம். அன்னைக்கெல்லாம் எனக்குச் சோறு எறங்காது. ஒரு திருகாணி விடாமத் திருப்பித் திருப்பிப் பாப்பேன். எல்லாரும் வைவாவ. பயமே இல்லாதவன் செஞ்சு குடுத்தா நான் ரெண்டு மடங்கு பயப்படுவேன். சரி, அத விடுங்க. இந்தப் புள்ள ஏன் என் கார்ல வந்து விழுந்தா? என்ன வேணும் இவளுக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். பூட்டை இழுத்துப் பார்க்கிற என்னை, ஒவ்வொரு துணியிலும் சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கிற அப்பா பார்த்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. உங்களைப் பாக்கணும்னா. பாத்துட்டா" என்றார்.

கேட்கவே இல்லையே! இவ்வளவு பாடுபட்டு, இரண்டு தடவை ஆஸ்பத்திரி போய், கடைசியில் கேட்கவே இல்லையே! நர்ஸக்கா கொடுத்த பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு, அவிழ்த்த பஞ்சும் துணியும் ஒரு பையில் இருக்க, ராஜபாளையம் பஸ்ஸில் அப்பாவுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அப்பா ஊர் நெருங்கும்போது தொண்டையைக் கனைத்தார்.

"ஏட்டி, அந்த மெட்ராஸ் ஹாஸ்டல்ல ஜன்னலுக்குக் கம்பி போட்டிருப்பாவளா?"

"தெரியலப்பா."

"நாளைக்கு விண்ணப்பம் வாங்கப் போகையில நானும் வாரேன். நேர்ல பாத்துக்கிடுவோம். கதவுக்கு உள்தாழ்ப்பா இருக்கான்னும் பாக்கணும்."

நான் மறுபடி அழுதேன். இந்தத் தடவை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

இப்போது நானும் ராக்கெட் வேலையில்தான் இருக்கிறேன். பாகங்கள் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்துப் பார்க்கிற பிரிவு. சந்தேகப்படுவதற்கும் பயப்படுவதற்கும் மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறார்கள். ஊருக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் அப்பா சட்டைப்பையிலிருந்து ஊசியையும் வெள்ளை நூலையும் எடுத்துக் காட்டி, "தைச்சு விடட்டா?" என்று கேட்கத் தவறியதில்லை. என் கல்யாணத்தன்று ஆலய வாசலில், வெள்ளைச் சேலையில் நின்ற என்னிடமும் கேட்டார். மாப்பிள்ளைக்கு விஷயம் புரியாமல், அப்பா முழுக் கதையையும் அங்கேயே சொல்லி, பாதிரியார் வந்து கூப்பிடும்படி ஆகிவிட்டது.

போன மாதம் அதே மண்டபத்தில் அதே சங்கத்தின் விழா. பெரிய ஆட்கள் யாரும் கிடைக்காமல் என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் குட்டிப் பிரதமர், குட்டி எழுத்தாளர், குட்டி விஞ்ஞானி, பளபளப்பான உடையில் ஜிப் வைத்த குட்டி விண்வெளி வீராங்கனை. பயந்துகொண்டே எதையோ பேசி முடித்தேன். கிளம்பும்போது அப்பா முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கார் கேட்டை நெருங்கியது. அப்பா டிரைவரின் கையை மெல்லத் தொட்டார்.

"மெதுவாப் போ தம்பி. இந்த இடத்துலதான் வெள்ளையா வந்து விழுவாவ."